சீப்பை எடு, தலையை நிமிர்த்து!

வகுப்பில் ஆசிரியை கேள்வி கேட்கிறார். விடை தெரிந்த பிள்ளைகள் கையைத் தூக்குகிறார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணுக்கும் விடை தெரியும். ஆனால் அவள் கை தலைமுடிக்குள் இருக்கிறது. காதுக்குப் பின்னால் சொறிகிறாள், பிடரியில் சொறிகிறாள், ரிப்பன் கட்டிய இரட்டைச் சடையின் அடியில் விரலை விட்டுச் சொறிகிறாள். பக்கத்தில் இருந்தவள் தள்ளிப் போய் உட்கார்ந்துவிட்டாள். எழுந்து நின்றால் எல்லோரும் தன் தலையைத்தான் பார்ப்பார்கள் என்ற பயத்தில், தெரிந்த விடையை விழுங்கிக்கொண்டு குனிந்திருக்கிறாள்.

கருவேப்பிலங்குறிச்சியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பெண்பிள்ளைகளை வளர்க்கும் தாய்மாரே, தகப்பன்மாரே, உங்களோடுதான் பேசுகிறேன். எள்ளளவு பூச்சி ஒன்று உங்கள் மகளின் குரலை அடைத்துவிட்டது. அதை விரட்ட உங்களிடம் இரண்டு கை இருக்கிறது, ஒரு சீப்பு இருக்கிறது, தேங்காய் எண்ணெய் இருக்கிறது. இன்னும் எதற்குக் காத்திருக்கிறீர்கள்?

"ஊர்ல எல்லாப் பிள்ளைக்கும்தான் இருக்கு, அது தானாப் போயிடும்" என்பீர்கள். தானாகப் போகாது. ஒரு பெண் பேன் ஏறக்குறைய ஒரு மாதம் உயிரோடு இருக்கும். நாளுக்கு 6 முதல் 10 ஈரு வரை வைக்கும். அவை 7 முதல் 10 நாளில் பொரிந்துவிடும். பொரிந்த குஞ்சு இன்னும் 10 நாள் போலத் தலையில் ரத்தம் குடித்து வளர்ந்து, தானும் ஈரு வைக்கத் தொடங்கிவிடும். நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் அதற்கு ஒரு தலைமுறை நெருங்குகிறது. இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். முதல்முறை பேன் பிடித்த பிள்ளைக்கு உடனே அரிக்காது. பேனின் எச்சில் தோலுக்கு ஒவ்வாமல் போவதால்தான் அரிப்பு வருகிறது, அந்த ஒவ்வாமை உண்டாக 4 முதல் 6 வாரம் ஆகும். அதாவது மகள் தலையைச் சொறியத் தொடங்கிய நாளில் பேன் அங்கே குடியேறி ஒரு மாதம் ஆகியிருக்கும். "இன்னைக்குத்தானே சொறியுறா" என்று சொல்ல உங்களுக்கு நேரமே இல்லை.

முதலில் அவமானத்தைத் தூக்கி எறியுங்கள். சீப்பை எடுக்கவிடாமல் உங்கள் கையைக் கட்டிப்போட்டிருப்பது அந்த அவமானம்தான்.

பேன் ஏழை வீட்டுக்கு மட்டும் வரும், அழுக்கு வீட்டுக்கு மட்டும் வரும் என்று யார் சொன்னது? இஸ்ரேலில் லாகீஷ் என்ற பழைய நகரத்தின் இடிபாடுகளில், யானைத் தந்தத்தில் செய்த சின்னச் சீப்பு ஒன்று கிடைத்தது. நீளம் 3.5 சென்டிமீட்டர்தான். அதன் மேல் கானானிய எழுத்தில் ஒரு வேண்டுதல் பொறித்திருக்கிறது: தலையிலும் தாடியிலும் உள்ள பேனை இந்தத் தந்தம் வேரோடு களையட்டும் என்பது அதன் பொருள். 2022இல் அறிஞர்கள் அதை வெளியிட்டார்கள். சீப்பின் வயது சுமார் 3,700 ஆண்டு. அந்த எழுத்து முறையில் முழு வாக்கியமாக இதுவரை கிடைத்தவற்றில் மிகப் பழையது இதுதான் என்கிறார்கள். மனிதன் நெடுங்கணக்கைக் கற்றுக்கொண்டு எழுதிய முதல் வாக்கியங்களில் ஒன்று பேனை விரட்டும் வாக்கியம்! யானை இல்லாத நாட்டுக்கு வெளியிலிருந்து தந்தம் வரவழைத்துச் சீப்பு செய்துகொண்டவன் பரம ஏழையாகவா இருந்திருப்பான்? செல்வந்தன் தாடியிலும் பேன் ஊர்ந்தது. அவன் வெட்கப்பட்டு ஒளிக்கவில்லை, சீப்பு செய்தான்.

சுத்தமான தலையோ அழுக்குத் தலையோ பேனுக்கு எல்லாம் ஒன்றுதான். அதற்கு வேண்டியது ரத்தமும் சூடும். அது பறக்காது, தாவாது. ஒரு தலை இன்னொரு தலையைத் தொடும்போது முடி வழியே நடந்து போகும். நிமிடத்துக்கு 23 சென்டிமீட்டர் வரை ஊர்ந்துவிடும். உங்கள் மகளுக்குப் பேன் வந்ததென்றால், அவள் தோழியோடு தலையைச் சேர்த்து வைத்து ஒரே புத்தகத்தைப் படித்திருக்கிறாள், பாட்டியின் தோளில் சாய்ந்து தூங்கியிருக்கிறாள், அத்தை மகளோடு ஒரே பாயில் படுத்துக் கதை பேசியிருக்கிறாள் என்றுதான் பொருள். அன்பாக இருந்ததற்கா பிள்ளையைத் திட்டுவீர்கள்?

நோய் வந்துவிடும் என்ற பயமும் வேண்டாம். டைபஸ் காய்ச்சலைப் பேன் பரப்புகிறது என்று 1909இல் துனிஸ் நகரத்தில் சார்ல் நிக்கோல் கண்டுபிடித்தார், அதற்காக 1928இல் நோபல் பரிசும் பெற்றார். ஆனால் அவர் பிடித்த குற்றவாளி உடுப்பில் வாழும் சீலைப்பேன். தலைப்பேன் அந்த நோயைப் பரப்புவதில்லை. அது செய்யும் கேடு வேறு. ராத்திரியெல்லாம் அரிப்பில் பிள்ளை புரண்டு புரண்டு படுக்கிறாள். காலையில் வகுப்பில் தூங்கி விழுகிறாள், அதற்கும் திட்டு வாங்குகிறாள். நகம் பட்ட இடம் புண்ணாகிச் சீழ் பிடிக்கிறது, கழுத்தில் நெறி கட்டுகிறது. எல்லாவற்றையும் விடப் பெரிய கேடு, தன்னைத்தானே அருவருக்கக் கற்றுக்கொள்கிறாள். ஒன்பது வயதில் கற்ற அருவருப்பு பத்தொன்பது வயதிலும் உடன் வரும். அதைத்தான் இன்றைக்கே நிறுத்த வேண்டும் என்கிறேன்.

சரி, வேலைக்கு வருவோம்.

காலை வெயில் நன்றாக விழும் இடமாகப் பார்த்துத் திண்ணையிலோ வாசலிலோ உட்காருங்கள். மடியில் வெள்ளைத் துணி ஒன்று விரித்துக்கொள்ளுங்கள், பழைய வேட்டித் துண்டு போதும். பிள்ளையை முன்னால் உட்கார வையுங்கள். தலையை அலசித் துவட்டி, ஈரம் காயும் முன் தேங்காய் எண்ணெயைத் தாராளமாக, முடியின் வேர் முதல் நுனி வரை வழியவிடுங்கள். எண்ணெயில் முழுகிய பேன் வேகமாக ஓடாது. அதுதான் உங்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு. முதலில் பெரிய சீப்பால் சிக்கு எடுங்கள். பிறகு முடியை நாலாகப் பிரித்து, மூன்று பகுதிக்குக் கிளிப் போடுங்கள். இப்போது பேன் சீப்பு. பிளாஸ்டிக் பல் வளைந்து கொடுக்கும், அதனால் உலோகப் பல் உள்ள சீப்பாக வாங்குங்கள். பல்லுக்குப் பல் நெருக்கமாக, ஈருகூட நழுவாத அளவுக்கு இருக்க வேண்டும். பாட்டி வீட்டில் ஈர்கொல்லி கிடந்தால் அதையும் எடுத்து வாருங்கள்.

சீப்பின் பல் மண்டைத் தோலைத் தொட வேண்டும். அங்கிருந்து ஒரே இழுப்பில் நுனி வரை. இழுத்ததும் வெள்ளைத் துணியில் துடையுங்கள், துடைத்ததைப் பாருங்கள். எள் நிறத்தில் கால் ஆட்டிக்கொண்டு கிடப்பது வளர்ந்த பேன். அதைவிடச் சின்னதாய், வெளிறிப் போய் இருப்பது குஞ்சு. கட்டைவிரல் நகம் இரண்டுக்கும் நடுவே வைத்து நெரித்தால் 'சொடக்' என்று கேட்கும். பிள்ளைக்கும் அந்தச் சத்தத்தைக் கேட்கக் கொடுங்கள்! தன்னைப் படுத்தியது இவ்வளவு சின்னதுதானா என்று அவள் கண்ணாலேயே பார்க்கட்டும். காதுக்குப் பின்புறமும் பிடரியும்தான் பேனின் கோட்டை, அங்கே இரண்டு மடங்கு சீவுங்கள். மண்டையை ஒட்டி, முடியோடு முடியாக, பழுப்பாக ஒட்டியிருப்பது உயிருள்ள ஈரு. ஊதினால் பறக்காது, தட்டினால் உதிராது. பசை வைத்து ஒட்டியதுபோல் பிடித்திருக்கும், உண்மையிலேயே பேன் ஒரு பசையைச் சுரந்துதான் அதை ஒட்டுகிறது. விரல் நகத்தால் முடியோடு உருவி எடுக்க வேண்டும். முடி வளர வளரக் கீழே இறங்கி, வெள்ளையாகத் தெரிவது பெரும்பாலும் பொரிந்து முடிந்த வெறும் கூடு. அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

முழுத் தலையையும் ஒரு சுற்று சீவி முடித்ததும் இன்னொரு சுற்று. நீளமான முடிக்கு அரை மணி நேரம் ஆகும், சில பிள்ளைக்கு அதற்கும் மேல். பிறகு சீயக்காயோ ஷாம்புவோ போட்டு அலசிவிடுங்கள்.

இங்கேதான் நூற்றுக்குத் தொண்ணூறு வீட்டில் தோற்றுப்போகிறார்கள். ஒரு நாள் மாய்ந்து மாய்ந்து சீவுகிறார்கள், மறுநாள் அரிப்பு குறைகிறது, சீப்பு பரணுக்குப் போகிறது. பத்தாம் நாள் தப்பிய ஈரு பொரிகிறது. "என்ன செஞ்சாலும் போக மாட்டேங்குது" என்று கை விரிக்கிறார்கள். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மை செய்யும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். அச்சில் வார்த்து, உலர வைத்து, சூளையில் அடுக்கிவிட்டால், வேக வேண்டிய நேரம் வேகும்வரை, ஆற வேண்டிய நேரம் ஆறும்வரை அவர்கள் கதவைத் திறக்கமாட்டார்கள். அவசரப்பட்டவர் கையில் வெடித்த பொம்மைதான் மிஞ்சும். பேன் எடுப்பதற்கும் அப்படியொரு வேகும் காலம் உண்டு. பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை சொல்லும் கணக்கு இது: 1ஆம் நாள், 5ஆம் நாள், 9ஆம் நாள், 13ஆம் நாள் சீவ வேண்டும். 17ஆம் நாள் சோதித்துப் பார்க்க வேண்டும். தப்பிய ஈரு பொரிந்து, அந்தக் குஞ்சு வளர்ந்து மறுபடி ஈரு வைப்பதற்கு முன்பே அதைப் பிடித்துவிடுவதுதான் இந்தக் கணக்கின் சூட்சுமம். நாள்காட்டித் தாளில் அந்த ஐந்து தேதியையும் வட்டமிடுங்கள். சீட்டுப் பணம் கட்டும் தேதியை மறக்கிறீர்களா? இதையும் மறக்காதீர்கள்.

மருந்து வேண்டுமா? தாராளமாக. பெர்மெத்ரின் 1 சதவீத லோஷன் மருந்துக்கடையில் கிடைக்கும். பத்து நிமிடம் வைத்து அலச வேண்டும். ஈரு முழுவதும் அதற்குச் சாகாது என்பதால் ஒரு வாரம் பத்து நாள் கழித்து மறுபடி போட வேண்டும். பல நாடுகளில் பேன் இந்த மருந்துக்குப் பழகிவிட்டது, அதனால் மருந்து போட்டாலும் சீப்பை விடாதீர்கள். தலையில் புண் இருந்தால், கைக்குழந்தை என்றால், கிராம சுகாதாரச் செவிலியரையோ ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரையோ கேட்காமல் எதையும் தடவாதீர்கள். கேட்பதில் என்ன வெட்கம்? அவர்கள் உங்களுக்காகத்தான் இருக்கிறார்கள்.

இப்போது சொல்லப்போவதைக் கொஞ்சம் உரக்கவே சொல்கிறேன். கரும்புக்கும் நெல்லுக்கும் முந்திரிக்கும் அடிக்க வாங்கி வைத்த பூச்சிமருந்தைப் பிள்ளை தலையில் தடவாதீர்கள்! ஒரு சொட்டுகூட வேண்டாம், தண்ணீரில் கலந்தும் வேண்டாம். பயிரில் பூச்சியைக் கொல்லும் அந்த மருந்து மண்டைத் தோல் வழியே ரத்தத்தில் இறங்கும். எச்சில் ஒழுகும், வேர்த்துக் கொட்டும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், மூச்சு அடைக்கும். பேனுக்குப் பூச்சிமருந்து தடவி உயிருக்குப் போராடிய பிள்ளைகளைப் பற்றி நம் நாட்டு மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கேயாவது யாராவது தடவிவிட்டது தெரிந்தால் துணியைக் கழற்றி, தலையைச் சோப்புப் போட்டுக் கழுவி, அந்த நிமிடமே 108ஐ அழையுங்கள். மண்ணெண்ணெயும் அப்படித்தான். தோலைப் பொசுக்கும், அடுப்புப் பக்கம் போனால் தலையே பற்றிக்கொள்ளும். எறும்புக்குக் கோடு போடும் சாக்பீஸைத் தலையில் தேய்க்கிறார்கள், அதிலும் இருப்பது பூச்சிக்கொல்லிதான். சீத்தாப்பழ விதையை அரைத்துப் பூசுவது இயற்கை வைத்தியம்தானே என்று நினைக்கலாம். அது கண்ணில் வழிந்தால் கருவிழி புண்ணாகிப் பார்வை மங்கும். நூறு ரூபாய் சீப்பு செய்யும் வேலைக்கு மகளின் கண்ணையும் உயிரையும் பணயம் வைக்காதீர்கள்.

அடுத்தது மொட்டை. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பருக்கு வேண்டிக்கொண்டு முடி இறக்குவது உங்கள் பக்தி, அதில் யாருக்கும் பேச்சில்லை. ஆனால் பேன் வந்ததற்குத் தண்டனையாகப் பத்து வயதுப் பெண்ணைப் பிடித்து உட்கார வைத்து, அவள் அழ அழக் கத்தரிப்பது வேறு. பள்ளிக்கூடத்தில் அத்தனை பேருக்கும் அவள் தலையே விளம்பரப் பலகை ஆகிவிடும். அவளே விரும்பி முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்கிறேன் என்றால் வெட்டிவிடுங்கள், சீவுவதும் எளிது. விருப்பம் இல்லாத பிள்ளையின் முடி மேல் கை வைக்காதீர்கள். அந்தக் கொளஞ்சியப்பர் கோயிலில் ஊரே பிராது எழுதிக் கட்டுகிறதே! குறையை மறைக்காமல் எழுத்தில் எழுதிச் சாமியிடமே நியாயம் கேட்கும் துணிச்சல் நம் பக்கத்து மக்களுக்கு இருக்கிறது. அதே துணிச்சலோடு அடுத்த வீட்டுக்காரியிடம் போய், "அக்கா, எம் பொண்ணு தலையில பேன் இருக்கு. ரெண்டு பேரும் சேந்துதானே விளையாடுதுங்க, ஒம் பொண்ணு தலையையும் பாத்துடு" என்று சொல்ல முடியாதா? "ஒம் பொண்ணாலதான் வந்துச்சு" என்று சண்டைக்குப் போவதைவிட இது எவ்வளவு மேல்!

ஏனென்றால் ஒரு வீடு தனியாக இந்தச் சண்டையில் ஜெயிக்க முடியாது. நீங்கள் மகள் தலையைச் சுத்தமாக்கி அனுப்புவீர்கள், மாலையில் தோழியிடமிருந்து இரண்டு பேனோடு திரும்பி வருவாள். தெரு முழுக்க ஒரே நாளில் சீவ வேண்டும். அதற்கான படை நம்மிடம் தயாராகவே இருக்கிறது. 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழு இன்று தமிழ்நாட்டில் இல்லாத ஊர் எது? வங்கிக் கடன் வாங்கி, தவணை தவறாமல் கட்டி, வங்கி மேலாளர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசக் கற்றுக்கொண்ட பெண்கள் நீங்கள். உங்களுக்குப் பேன் ஒரு பொருட்டா? அடுத்த கூட்டத்தில் கணக்கு நோட்டை மூடியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறியுங்கள். உலோகச் சீப்பு வீட்டுக்கு ஒன்றாகக் குழுப் பணத்தில் மொத்தமாக வாங்குங்கள். அந்த ஞாயிறு காலை தெருவில் எல்லா வாசலிலும் பிள்ளைகள் உட்காரட்டும். ஒருத்தி முன்னால் ஒருத்தியாக வரிசையில் உட்கார்ந்து, ஊர்க்கதை பேசிக்கொண்டே பேன் பார்த்த பாட்டிமார் இன்னும் நம் தெருவில் இருக்கிறார்கள். அவர்களைத் தலைமைக்கு அழையுங்கள். அவர்கள் விரலுக்குத் தெரிந்த வேலை எந்த லோஷனுக்கும் தெரியாது. வீட்டில் பெரியவர்கள் தலையையும் விட்டுவிடாதீர்கள், முக்கியமாக அம்மாவின் தலையை.

தகப்பன்மாரே, "இது பொம்பளைங்க வேலை" என்று நழுவாதீர்கள். கரும்பு வெட்டப் போய், களை எடுத்து, தொழிற்பேட்டையில் நாள் முழுக்கப் பொம்மைக்கு வர்ணம் தீட்டி இடுப்பொடிந்து வருகிற மனைவிக்கு இன்னும் அரை மணி நேரம் எங்கிருந்து வரும்? மாட்டுக்கு உண்ணி பொறுக்கத் தெரிந்த உங்கள் கைக்கு மகளின் தலையில் பேன் பொறுக்கத் தெரியாதா? அப்பா மடியில் தலை வைத்து அரை மணி நேரம் கதை பேசக் கிடைத்தால் எந்தப் பெண் வேண்டாம் என்பாள்?

ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். பேன் இருக்கும் பிள்ளையை எல்லோர் முன்னாலும் எழுப்பி நிறுத்தாதீர்கள், தனி பெஞ்சில் தள்ளாதீர்கள், வீட்டுக்கு அனுப்பாதீர்கள். பேனுக்காகப் பிள்ளையைப் பள்ளியை விட்டு அனுப்பக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமே திட்டமாகச் சொல்லியிருக்கிறது. அந்தப் பிள்ளை நேற்றும் போன வாரமும் அதே பேனோடுதான் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், இன்றைக்கு ஒரு நாள் அனுப்பி என்ன ஆகப்போகிறது? குடற்புழு மாத்திரையை ஒரே நாளில் பள்ளி முழுக்கக் கொடுக்கிறோமே, எந்தப் பிள்ளை வயிற்றில் புழு என்று யாராவது பெயர் சொல்லிக் கேட்கிறோமா? அதே மரியாதையோடு வகுப்பு முழுக்க எல்லாப் பெற்றோருக்கும் ஒரே செய்தி அனுப்புங்கள்: இந்த ஞாயிறு எல்லாத் தலையும் சீவ வேண்டும். ஒரு பெயரும் வேண்டாம்.

வீட்டைத் தலைகீழாகப் புரட்டத் தேவையில்லை. தலையை விட்டு விழுந்த பேன் இரண்டு நாளைக்கு மேல் பிழைக்காது. தலையணை உறை, துண்டு, ரிப்பன் ஆகியவற்றை வெந்நீரில் ஊற வைத்து நல்ல வெயிலில் காயப் போடுங்கள். சீப்பையும் வெந்நீரில் போடுங்கள். பாய்க்கும் சுவருக்கும் மருந்து அடிக்காதீர்கள். பள்ளிக்குப் போகும்போது சடையை மடித்து இறுக்கிக் கட்டிவிடுங்கள், விரிந்த முடிதான் பேனுக்குப் பாலம்.

13ஆம் நாள் சீவும்போது துணியில் ஒன்றும் விழாமல் இருக்கலாம். அப்போதும் 17ஆம் நாளை விடாதீர்கள். அன்றைக்கு உயிருள்ள பேன் ஒன்றே ஒன்று கிடைத்தாலும் மனம் தளராதீர்கள், பிள்ளையைத் திட்டாதீர்கள், யார் வீட்டிலிருந்து வந்தது என்று தேடாதீர்கள். அந்த நாளை 1ஆம் நாளாக வைத்து மறுபடி எண்ணுங்கள், தெருவிலும் சொல்லுங்கள். இரண்டாவது சுற்றிலும் பேன் இருந்தால் பிள்ளையை அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். என்ன மருந்து எத்தனை முறை போட்டீர்கள், எந்தெந்த நாள் சீவினீர்கள் என்று அந்த நாள்காட்டித் தாளைக் காட்டுங்கள். வேறு மருந்து தருவார். சீப்பு மட்டும் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.